சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொழுப்புக்கும் புதிய மருந்து எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. இவர்களில் பலர் சர்க்கரை மாத்திரையோடு கொழுப்பு மாத்திரையும் விழுங்குபவர்கள், அல்லது விரைவில் விழுங்கப் போகிறவர்கள். மாத்திரை உண்பவர்களும் அவர்கள் வீட்டாரும் மருந்தியல், உயிர்வேதியியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அந்த முடிவு உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டியது.

சர்க்கரைக்குத்தானே மருத்துவரிடம் போகிறோம், அவர் ஏன் கொழுப்புக்கும் சேர்த்து மருந்து தருகிறார்?

இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடின்றி இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு வகையாக மாற்றி மீண்டும் இரத்தத்துக்கே அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு ஏறும்போது நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்குகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லின் துகள்கள் சிறியனவாகவும் அடர்த்தியாகவும் மாறி இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதாக நுழைகின்றன. தெற்காசியரிடம் இந்தக் கோலம் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்தக் குழாய் நோய்கள்தான் என்பதால், குளுக்கோஸ் அளவை மட்டும் சரிசெய்யும் மருந்து பாதி வேலையைத்தான் செய்கிறது. இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்காததற்குக் காரணம் இதுவே.

ஒரு மருந்துக்கான மூலக்கூறு முதலில் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் எதிர்பாராத இடத்திலிருந்து. பலரும் உண்ணும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் மூதாதை, ஐரோப்பாவில் கலேகா எனப்படும் ஒரு செடியில் இருந்த குவானிடின் வகைச் சேர்மம். அந்தக் குடும்பத்திலிருந்து மெட்ஃபார்மினைத் தேர்ந்து நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957இல் முடிவை வெளியிட்டவர் பாரிஸைச் சேர்ந்த மருத்துவர் ழான் ஸ்டேர்ன். சல்ஃபோனைல்யூரியா என்ற வகைச் சர்க்கரை மாத்திரைகளின் தொடக்கம் 1942இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் நிகழ்ந்தது. டைஃபாய்டுக்காக ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகளின் சர்க்கரை அபாயகரமாக இறங்கியதை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். எக்ஸனடைடு என்ற சர்க்கரை ஊசி மருந்து, அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் கண்டறிந்த ஒரு புரதத் துணுக்கிலிருந்து வந்தது.

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளான ஸ்டாடின்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் சாங்க்யோ நிறுவனத்தில் பணியாற்றிய அகிரா எண்டோ, கல்லீரல் கொழுப்பை உற்பத்தி செய்யும் வழியில் முக்கியமான ஹெச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுக்கும் பொருளைப் பூஞ்சைகளில் தேடினார். ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளைச் சோதித்த பின், 1973இல் ஒரு பெனிசிலியப் பூஞ்சையில் காம்பாக்டின் என்ற சேர்மம் கிடைத்தது. சோதனைக் குழாயில் அருமையாக வேலை செய்த அது, எலிகளுக்குக் கொடுத்தபோது கொழுப்பைக் குறைக்கவே இல்லை. பல நிறுவனங்களில் அந்தக் கட்டத்திலேயே கோப்பை மூடியிருப்பார்கள். முட்டையிடும் கோழியின் உடலில் கொழுப்பு உற்பத்தி மிகுதி என்பதால் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு பாதியாக இறங்கியது. நாய்களிலும் குரங்குகளிலும் அதே பலன் தெரிந்தது. காம்பாக்டின் கடைசிவரை கடைக்கு வரவில்லை என்றாலும், அது காட்டிய வழியில் வந்த லோவாஸ்டாடினுக்கு 1987இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எலியை மட்டுமே நம்பியிருந்தால் உலகில் மிக அதிகம் பேர் உண்ணும் மருந்து வகைகளில் ஒன்று நமக்குக் கிடைத்திருக்காது. மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இயற்கையில் கிடைத்த மூலக்கூற்றை அப்படியே மாத்திரையாக்க முடியாதா?

அநேகமாக முடியாது. ஏன் என்பதற்கு, இன்று டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற பெயர்களில் பலர் உண்ணும் சர்க்கரை மாத்திரைகளின் வரலாறே போதுமான சான்று.

1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்பது அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கின்றன. இந்த வேலையில் பெரும்பங்கைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற கடத்திப் புரதம். அதைத் தடுத்தால் மிகுதிச் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். பிறவியிலேயே இந்தப் புரதம் செயல்படாத சிலர் பெரிய தொல்லை ஏதுமின்றி வாழ்கிறார்கள் என்பதால், இதைத் தடுப்பது உடலுக்குப் பெருங்கேடு செய்யாது என்ற நம்பிக்கையும் ஆய்வாளர்களுக்கு இருந்தது. ஆனால் ஃப்ளோரிசினில் இரண்டு குறைகள். குடலில் உணவிலிருந்து குளுக்கோஸை உறிஞ்சும் எஸ்ஜிஎல்டி1 என்ற உறவுப் புரதத்தையும் அது சேர்த்துத் தடுத்ததால் வயிற்றுப்போக்கு உண்டாகும். அதைவிட முக்கியமாக, அதன் சர்க்கரைப் பகுதியும் மற்றப் பகுதியும் ஓர் ஆக்சிஜன் அணுவால் பிணைக்கப்பட்டிருந்தன. குடலில் உள்ள நொதிகள் அந்த இணைப்பை வெட்டிவிட்டதால், வாய்வழி கொடுத்த மருந்து இரத்தத்தைச் சேர்வதற்குள் சிதைந்தது.

வேதியியலாளர்கள் ஆக்சிஜன் பாலத்தை எடுத்துவிட்டு, கார்பனோடு கார்பனை நேரடியாக இணைத்தார்கள். நொதிகளால் வெட்ட முடியாத பிணைப்பு அது. மூலக்கூற்றில் உள்ள அணு வளையங்களின் அமைப்பையும் மாற்றி, எஸ்ஜிஎல்டி2ஐ மட்டும் குறிவைக்கும் தன்மையை வரவழைத்தார்கள். மரப்பட்டையில் கண்டெடுத்த பொருள் நாளுக்கு ஒரு முறை உண்ணும் மாத்திரையாக 2012இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 180 ஆண்டுகள்.

இப்படி ஒரு மூலக்கூற்றைச் செதுக்கும்போது, அது நீரில் கரைகிறதா, குடல் சுவரைக் கடக்கிறதா, கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது, இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குலைக்கிறதா என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிதாகச் சோதிக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். நூற்றுக்கணக்கான மாற்றுருக்களைத் தயாரித்து, அவற்றில் ஓரிரண்டை மட்டும் மேலே கொண்டுபோவதுதான் வழக்கம்.

ஆய்வகத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கொழுப்பு சார்ந்த ஆய்வில் அடிக்கடி பயன்படும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். 3டி3-எல்1 என்ற பெயருள்ள சுண்டெலிச் செல்களைத் தட்டில் வளர்க்கிறார்கள். தொடக்கத்தில் அவை நார்போல் நீண்டு தட்டோடு ஒட்டிக் கிடக்கும். இன்சுலின், டெக்சாமெத்தசோன் முதலியவற்றைச் சேர்த்துப் பத்து நாள் அளவில் காத்திருந்தால், செல்கள் உருண்டு, உள்ளே கொழுப்புத் துளிகள் பளபளக்கத் தொடங்கும். ஆயில் ரெட் ஓ என்ற சாயத்தை ஊற்றிக் கழுவியதும், நுண்ணோக்கியில் ஒவ்வொரு துளியும் சிவப்பாகத் தெரியும். பிறகு அந்தச் சாயத்தைக் கரைத்தெடுத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தால், சோதிக்கும் சேர்மம் கொழுப்புச் சேர்வதைக் கூட்டியதா குறைத்ததா என்பது எண்ணாகக் கிடைக்கும்.

இதில் வியப்பான செய்தி என்னவென்றால், பையோகிளிட்டசோன் போன்ற சர்க்கரை மருந்துகள் இந்தச் செல்களில் கொழுப்பைக் கூட்டும். அவை பிபிஏஆர்-காமா என்ற உட்கருப் புரதத்தைத் தூண்டிப் புதிய கொழுப்புச் செல்களை உருவாக்குகின்றன. வீட்டுக்குள் வழியெல்லாம் அடைத்துக் கிடக்கும் சாமான்களை வைக்கத் தனியே ஓர் அறை கட்டித் தருவது போன்றது இது: கல்லீரலிலும் தசையிலும் தேங்கிய கொழுப்பு உரிய இடத்துக்குப் போவதால், அந்த உறுப்புகள் மீண்டும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கின்றன. எடை கூடுவது அதே செயலின் மறுபக்கம்தான்.

விலங்குச் சோதனையைப் பற்றி ஒரு கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வேடுகளில், ஸ்ட்ரெப்டோசோடோசின் செலுத்திய எலிகளுக்கு ஏதேனும் ஓர் இலைச்சாற்றைக் கொடுத்துச் சர்க்கரை குறைந்ததாகக் காட்டும் ஆய்வுகள் ஏராளம். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற அந்த நச்சு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. நம் ஊரில் பரவலாக உள்ள இரண்டாம் வகை நீரிழிவோ, இன்சுலின் எதிர்ப்பில் தொடங்கி மெல்ல வளர்வது. ஆகவே இத்தகைய ஒரே ஒரு சோதனையை வைத்து ‘நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடிப்பு’ என்று செய்தி வெளியிடுவது நோயாளிகளுக்கு இழைக்கும் அநீதி.

அப்படியானால் நம் மூலிகைகளில் பலன் இல்லையா?

இருக்கிறது, ஆனால் எது, எந்த அளவில், யாருக்கு என்பதைச் சோதித்தே சொல்ல முடியும். சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு வழங்கும் கடலழிஞ்சிலை எடுத்துக்கொள்வோம். அது சலாசியா இனத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து சலாசினால் என்ற சேர்மத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் பிரித்தெடுத்தார்கள். குடலில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதியை அது தடுக்கிறது. அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். பாரம்பரியப் பயன்பாட்டுக்கும் மூலக்கூற்றுக்கும் இவ்வளவு தெளிவான தொடர்பு கிடைப்பது அரிது.

மாறாக, குக்குலு என்ற மரப்பிசினின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து உருவாக்கிய கொழுப்பு மருந்து 1980களில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் அமெரிக்காவில் 103 பேரிடம் முறையாக நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், குக்குலு உண்டவர்களுக்கு எல்டிஎல் குறையவில்லை, சற்றுக் கூடியது. உணவுமுறையும் மரபும் வேறானவர்களிடம் பலன் வேறுபடலாம் என்று வாதிடலாம்தான். அப்படியானால் இங்கேயே, நம் மக்களிடமே அதே ஒழுங்கோடு சோதித்துக் காட்டுவதுதான் அந்த வாதத்துக்கு அழகு.

சர்க்கரையோ கொழுப்போ குறைந்தால் போதாதா? ஏன் இத்தனை ஆண்டுகள், இத்தனை ஆயிரம் நோயாளிகள்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பதில் இதுதான். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் நல்லபடியாக மாறுவதும், அந்த மனிதர் மாரடைப்பின்றி நீண்ட நாள் வாழ்வதும் வேறு வேறு. இரண்டாவதை நேரடியாகச் சோதிக்காமல் முதலாவதை நம்பியபோதெல்லாம் மருத்துவ உலகம் அதற்கு விலை கொடுத்திருக்கிறது.

டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை எழுபது விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தியது, எல்டிஎல்லையும் குறைத்தது. ஆய்வுத் தாளில் இதைவிட அழகான எண்கள் இருக்க முடியாது. சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து உண்டவர்களில் 93 பேரும் உண்ணாதவர்களில் 59 பேரும் இறந்தார்கள். 2006 டிசம்பரில் ஃபைசர் நிறுவனம் அந்த ஆய்வையே நிறுத்தியது. ரோசிகிளிட்டசோன் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது. மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற ஐயம் 2007இல் எழுந்தது. 2010இல் ஐரோப்பாவும் இந்தியாவும் அதன் விற்பனையை நிறுத்தின. பிற்பாடு அமெரிக்கா தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினாலும், அந்த மருந்து பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அண்மைக் காலத்தில் பெமாஃபைப்ரேட் என்ற மருந்து, சர்க்கரை நோயுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ட்ரைகிளிசரைடைக் கால் பங்கு குறைத்தது. ஆயினும் மாரடைப்பு குறையவில்லை என்று 2022இல் முடிவு வந்தது.

ரோசிகிளிட்டசோன் சர்ச்சைக்குப் பின், 2008இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புதிய சர்க்கரை மருந்துகள் இதயத்துக்குத் தீங்கு செய்யவில்லை என்று ஆய்வு மூலம் காட்ட வேண்டும் என வழிகாட்டுதல் வெளியிட்டது. தேவையற்ற சுமை என்று பலர் குறைபட்டார்கள். ஆனால் அந்தக் கட்டாயத்தால் நடந்த ஆய்வுகளில் ஒன்றுதான் 7,020 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2015இல் வெளியானது. இதய நோயால் நிகழும் மரணம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்து உண்ட குழுவுக்கும் உண்ணாத குழுவுக்கும் இடையே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் இருந்த வேறுபாடு சிறியதுதான். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால், இந்த மருந்தின் உண்மையான மதிப்பு யாருக்கும் தெரிந்திருக்காது. ஸ்டாடின்கள் மீது மருத்துவர்களுக்கு உள்ள உறுதியும் இப்படி வந்ததே: 4,444 இதய நோயாளிகளிடம் சிம்வாஸ்டாடின் மொத்த மரணத்தையே 30 விழுக்காடு குறைத்ததாக 1994இல் நிரூபிக்கப்பட்டது.

கொழுப்பு மாத்திரையே சர்க்கரையை வரவழைக்கும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. 13 ஆய்வுகளில் பங்கேற்ற 91,140 பேரின் தரவுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணக்கின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாடின் உண்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. தேவையுள்ளவர்களுக்கு அதே காலத்தில் தவிர்க்கப்படும் மாரடைப்புகளும் பக்கவாதங்களும் அதைவிடப் பல மடங்கு. வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து ஸ்டாடினை நிறுத்துவது ஆபத்தானது.

இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து ஏதாவது உண்டா?

உண்டு. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் ஆய்வகம் 1990களிலேயே இத்துறையில் இறங்கியது. சர்க்கரை, கொழுப்பு இரண்டையும் ஒருங்கே குறிவைத்து அவர்கள் உருவாக்கிய ரகாகிளிட்டசார், டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் கையில் மனிதச் சோதனையின் பிற்கட்டம் வரை சென்றது. விலங்குகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தென்பட்டதால் 2002இல் அது நிறுத்தப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த சாரோகிளிட்டசாரை அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கி, 2013இல் இந்திய ஒப்புதல் பெற்றது. சர்க்கரை நோயாளிகளின் உயர் ட்ரைகிளிசரைடுக்காக, நாளுக்கு 4 மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. மூலக்கூற்றிலிருந்து கடை வரை ஓர் இந்திய நிறுவனமே கொண்டுவந்த மருந்து என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மாரடைப்பையும் மரணத்தையும் அளக்கும் பெரிய ஆய்வு அதற்கும் நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பெமாஃபைப்ரேட்டின் முடிவுக்குப் பிறகு அந்தத் தேவை கூடியிருக்கிறது.

சென்னைக்கும் இதில் இடம் உண்டு. சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம், நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்துத் தரும் மருந்தாக 2024இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அது சர்க்கரைக்கான மருந்தன்று. ஆனால் இங்கே பிறந்த மூலக்கூறு உலகச் சந்தைவரை போக முடியும் என்பதற்கு அது சான்று. சர்க்கரை நோயில் சென்னையின் பெரும் பங்களிப்பு மனித ஆய்வுகளில் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நோய் வருவதை 28.5 விழுக்காடும், வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் இரு வேளை மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடும் குறைத்தன. இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

வாரம் ஒரு முறை போடும் ஊசி எப்படி அவ்வளவு நாள் வேலை செய்கிறது?

உணவு உண்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன், இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது. அந்த ஹார்மோனைப் போலவே அமைத்த செமாகுளூடைடு என்ற வார ஊசியில், நொதி வெட்டும் இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, கூடவே நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலி ஒன்றைக் கோத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு மிதப்பதால், மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகிறது. கொழுப்புக்கான இன்கிளிசிரான் ஊசியோ, எல்டிஎல்லை இரத்தத்தில் தேங்கவிடும் பிசிஎஸ்கே9 புரதத்தைத் தயாரிப்பதற்கான கட்டளையையே கல்லீரல் செல்லுக்குள் அழிப்பதால், தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும்.

சென்னை மருத்துவமனை ஒன்றில் புதிய மருந்து ஆய்வில் சேர அழைக்கிறார்கள். சேரலாமா?

சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இன்றி ஆய்வைத் தொடங்கக் கூடாது. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. அங்கேயே கையெழுத்திடச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளிடமோ வழக்கமான மருத்துவரிடமோ காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

ஆய்வின்போது உடலுக்குப் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், அது ஆய்வால் நேர்ந்தது எனில் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. இன்னொரு கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: இந்த ஆய்வு எதை அளக்கிறது, வெறும் சர்க்கரை அளவையா, இதயம், சிறுநீரகம் போன்றவற்றையுமா? பதில் எதுவாக இருந்தாலும் தவறில்லை. தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

புதிய மருந்துகளின் விலை எப்போது குறையும்?

காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு விண்ணப்பித்த நாளிலேயே தொடங்குவதால், சோதனைகளிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிடும். இந்தியாவில் சர்க்கரை மாத்திரைகளான வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரிலும், சிட்டாகிளிப்டினுடையது 2022இலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. ஒவ்வொரு முறையும் பல நிறுவனங்கள் களமிறங்கி விலை சரிந்தது. செமாகுளூடைடின் அடிப்படைக் காப்புரிமைக்கு இங்கே 2026 மார்ச் வரையே ஆயுள். ஏற்கெனவே உள்ள பொருளைச் சிறிது மாற்றி, பலனில் முன்னேற்றம் காட்டாமல் புதுக் காப்புரிமை கேட்பதை நம் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கிறது. பிற நிறுவனங்களும் தயாரிக்கும் பொதுப்பெயர் மருந்து விரைவாகக் கிடைப்பதில் அந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதற்கிடையே, காப்புரிமை எப்போதோ முடிந்த மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அட்டோர்வாஸ்டாடின் ஆகியவை பெரும்பாலோருக்கு இன்றும் முதன்மையான மருந்துகள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால், அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அடிப்படைச் சர்க்கரை மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். விலை கட்டாததால் மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்பவர்களோ, ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி விசாரியுங்கள்.